இருமல் மிட்டாய்

பொது இடங்களில் பெண்களுக்கு நேரும் தொல்லைகளை ஒழித்தே தீர வேண்டும் என்று ஒருவழியாக மேலிடத்துக்குத் தோன்றிவிட்டது. தோன்றியதும் செய்த முதல் காரியம் பனியன் தைக்கக் கொடுத்தது. முதுகில் 'கவசம்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த ஆரஞ்சுப் பனியன்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. எல்லாம் ஒரே அளவு. துறையின் இணை இயக்குநர் முதல் பனியனைத் தானே போட்டுப் பார்த்து, கச்சிதமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார். அவருடைய வயிற்றுக்குக் கச்சிதமாக இருந்த பனியன் மற்றவர்களுக்கு முழங்கால் வரை வந்தது.

திட்டத்தின் சாரம் எளிமையானது. இளைஞர்களைத் திரட்டி, பயிற்சி கொடுத்து, கழுத்தில் ஒரு விசிலை மாட்டி, பேருந்துகளில் ஏற்றிவிடுவது. திரட்டுவதில் சிரமமே இருக்கவில்லை. வேலைவெட்டி இல்லாத பையன்கள் எங்கே நிற்பார்கள் என்பது ஊருக்கே தெரியும். பேருந்து நிறுத்தத்தில் நிற்பார்கள். போகிற வருகிற பெண்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களையே அள்ளிக்கொண்டு போய்ப் பனியனை மாட்டிவிட்டார்கள். அதே நிறுத்தம், அதே ஆட்கள், அதே பார்வை. முன்பு அதற்குப் பெயர் பொறுக்கித்தனம், இப்போது ரோந்து.

தானாக விரும்பி வந்தவன் ஒருவனும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பில் டிப்ளமோ முடித்துவிட்டு, யார் வீட்டுப் பெட்டியாவது கெட்டுப்போகாதா என்று காத்திருந்தவன். வீட்டில் இளையவன் என்பதால் அவனை எல்லோரும் தம்பி என்றார்கள். பெற்ற அப்பாவே அப்படித்தான் கூப்பிட்டார். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். அவனுக்கு ஓர் அக்கா. தினமும் பேருந்தில் வேலைக்குப் போகிறவள். பெண்களைக் காக்க இளைஞர்கள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்தபோது அவனுக்கு நெஞ்சு நிஜமாகவே நிமிர்ந்தது. பாவம், நல்லவன். இந்தக் கதையில் எல்லாக் கேடும் அதிலிருந்துதான் வந்தது.

பயிற்சி ஒரு கூட்ட அரங்கில் நடந்தது. மேடையில் இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். மின்விசிறிக்கு நேர் கீழே இணை இயக்குநர் உட்கார்ந்திருந்தார். பயிற்சியாளர் திரையில் படங்களைக் காட்டி, "பெண் என்பவள் யார்?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. தெரிந்திருந்தால் இங்கே ஏன் வருகிறார்கள்.

பிறகு நடித்துக் காட்டும் பயிற்சி. பேருந்தில் போகும் பெண்ணாக நடிக்க ஒருவனும் முன்வரவில்லை. கடைசியில் 'ஒல்லி' என்று எல்லோரும் கூப்பிடும் பையனைப் பிடித்துத் தள்ளி, தலையில் ஒரு துண்டைப் போட்டு நிறுத்தினார்கள். தொல்லை தருபவனாக நடிக்க சைலன்சர் எழுந்தான். தன் பைக்கில் சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டுத் தெருவையே அதிர வைப்பவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். இல்லாத பொருளால் பேர் வாங்கியவன். அவன் நடிப்பை என்ன சொல்வது! தற்செயலாக நெருங்குவது போல நெருங்கினான். மேல் கம்பியைப் பிடிப்பது போலக் கையை நீட்டி, வழியில் வேறெங்கோ வைத்தான். ஒல்லி திரும்பிப் பார்த்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வானிலை ஆராய்ந்தான். அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது.

"அற்புதம்! இவ்வளவு இயல்பா எப்படிப்பா நடிக்கிற?" என்றார் பயிற்சியாளர்.

"சும்மா, அனுபவம்தான் சார்," என்றான் சைலன்சர்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். ஒல்லி மட்டும் துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் தனியாகப் போய் நின்றான். அன்று மாலையே சைலன்சர் எட்டாம் எண் பேருந்துக்கு அணித் தலைவன் ஆனான்.

நிறைவுரையில் இணை இயக்குநர் தன் சொந்தக் கண்டுபிடிப்பை அறிவித்தார். அதன் பெயர் 'ஒப்படைப்பு'. "விசில் அடிப்பதோடு நம் பணி நின்றுவிடுவதில்லை. குற்றவாளியைப் பிடிப்பதோடும் நின்றுவிடுவதில்லை. பாதிக்கப்பட்ட சகோதரியை அவரது இல்லத்துக்கே அழைத்துச் சென்று, தந்தையிடமோ கணவரிடமோ பத்திரமாக ஒப்படைக்கும்போதுதான் நம் கடமை முழுமை பெறுகிறது."

"வேலைக்குப் போற வழியில நடந்தா சார்?" என்று கேட்டான் ஒல்லி.

"வேலை எங்கும் ஓடிவிடாது," என்றார் இணை இயக்குநர். அவருடைய வேலை அப்படிப்பட்டது.

*

அக்காவுடையது பல் செய்யும் வேலை. பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு மெழுகில் ஈறு கட்டி, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு, முழுச் செட்டாகத் திருப்பி அனுப்பும் ஒரு சின்னப் பட்டறை. ஸ்பிரிட் விளக்கும் மெழுகுக் கத்தியும்தான் அவள் ஆயுதங்கள். அவள் வைக்கும் பல்லுக்குத் தனி மரியாதை உண்டு. முன்வரிசையில் ஏதாவது ஒரு பல்லை ஒரு மயிரிழை சாய்த்து நடுவாள். "எல்லாம் நேரா நின்னா பொய்ப்பல்லுன்னு காட்டிக்குடுத்துடும்" என்பாள். பட்டறைக்குப் புதிதாகப் பீங்கான் உலை ஒன்று வந்திருந்தது. அதற்குப் பொறுப்பாக அவளைத்தான் போடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். மெழுகிலிருந்து பீங்கானுக்குப் போவது அந்தத் தொழிலில் மாடிப்படி ஏறுவது மாதிரி. வந்த நாள் முதல் அந்தப் படிக்காகத்தான் அவள் உழைத்தாள்.

இதற்கு நடுவே வீட்டில் ஒரு நிபந்தனை இருந்தது. அப்பா குடிநீர் வாரியத்தில் வால்வு திறந்து மூடுகிற வேலையில் இருந்தவர். எங்கே கசிந்தாலும், என்ன ஏது என்று பார்ப்பதற்கு முன்னால் அவர் செய்வது மெயின் வால்வை மூடுவது. அக்கா வேலைக்குக் கிளம்பிய முதல் நாளே சொல்லிவிட்டார்: "போ. வேண்டாங்கல. ஆனா வழியில எவனாவது ஏதாவது பண்ணான், ரோட்டுல ஒரு பேச்சு வந்துச்சுன்னு என் காதுல விழுந்துச்சு, அன்னியோட சரி."

அக்கா அதை விழவிடவில்லை. வழியில் நடந்ததெல்லாம் வழியிலேயே முடிந்தது. எப்படி முடிந்தது என்பது எட்டாம் எண் பேருந்தில் போகும் பெண்களுக்குத் தெரியும்.

அந்த வண்டியில் வழக்கமாக வரும் ஒரு தையல்காரம்மாவுக்கு ஒரு தடவை நிஜமாகவே இருமல் வந்தது. முதுகோடு ஒட்டி நின்றிருந்த ஆள் தொற்றிக்கொள்ளுமோ என்று பயந்து சட்டென்று விலகினான். மற்றவர்கள் எந்த ஆராய்ச்சிக் கூடத்திலோ தேடுகிற மருந்தை அந்த அம்மா ஓடுகிற பேருந்தில் கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. ஒருத்திக்குத் தொல்லை என்றால் இருமுவாள். கேட்டவுடன் பக்கத்திலிருப்பவள் இருமுவாள். பிறகு முன்சீட்டில் ஒருத்தி, பின்னால் இரண்டு பேர். இருமிக்கொண்டே ஆளுக்கு ஓரடி நகர்வார்கள். கைப்பைகளும் சாப்பாட்டுப் பைகளும் இடையில் வந்து நுழையும். அந்த ஆள் என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருப்பான். யாரும் யாரையும் திட்டியதில்லை, கையை ஓங்கியதில்லை. கண்டக்டர் அந்த நேரம் பார்த்துச் சில்லறை எண்ணுவார். முக்கியமாக, வீடுகளுக்குச் செய்தி போகாது. அந்த வண்டியில் வந்த ஒவ்வொருத்தியின் வீட்டிலும் யாரோ ஒருவர் கையை வால்வில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பயிற்சி முடிந்து தம்பி பனியனோடு வீட்டுக்கு வந்தபோது அக்கா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னடா இது, அப்பா சட்டைய மாத்திப் போட்டுட்டியா?"

"கிண்டல் பண்ணாதக்கா. கவச வீரன். உங்களுக்காகத்தான்."

"எந்த பஸ்ஸு?"

"எட்டு. நானே கேட்டு வாங்கினேன்."

அக்காவின் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. "மாத்திக்கோ."

"ஏன்?"

"ஒன்பதுல போ. ஒன்பது நல்ல பஸ்ஸுடா. காத்து நல்லா வரும்."

"உனக்காகத்தானேக்கா..."

"எனக்காக ஒண்ணும் கிழிக்க வேண்டாம். சொன்னா கேளு."

அவன் கேட்கவில்லை. நல்லவர்கள் கேட்பதில்லை.

*

எட்டாம் எண் பேருந்தில் கவசம் ஏறிய முதல் வாரமே வண்டி முழுக்க ஒரே இருமல். முன்னால் இருமினார்கள், நடுவில் இருமினார்கள், ஏறும்போதே ஒருத்தி இருமிக்கொண்டு ஏறினாள். ஆரஞ்சுப் பனியன்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடைபாதையை அடைத்து நின்றன. சைலன்சர் அணித் தலைவன் என்ற முறையில் நடுவில் நின்றான். பாதுகாப்புக்காக ஒட்டியே நின்றான். முன்பெல்லாம் அந்த மாதிரி ஒட்டினால் இருமல் அவனைப் படிக்கட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இப்போது பின்னால் இன்னும் நாலு பனியன்கள் சுவர் மாதிரி நின்றதால் தள்ளிவிட இடமில்லை.

தம்பிக்கு மனசு கேட்கவில்லை. அறிக்கை அனுப்பினான். 'எட்டாம் எண் பேருந்தில் பெண்களிடையே கடுமையான சளி பரவியுள்ளது.' இணை இயக்குநர் நெகிழ்ந்துபோனார். மறுவாரமே இருமல் மிட்டாய்கள் பெட்டி பெட்டியாக வந்தன. ஒவ்வொன்றின் காகித உறையிலும் இணை இயக்குநர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். பனியன்கள் பெண்கள் ஒவ்வொருவரிடமும் போய், "சிஸ்டர், மிட்டாய் எடுத்துக்குங்க" என்று நீட்டின. வாங்குகிற கையைச் சைலன்சர் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்துக்கொண்டான்.

அன்று மாலை அக்கா ஒரு மிட்டாயின் உறையைப் பிரித்து, விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இந்த மேல் வரிசை நான் வெச்சது."

"எது?"

"இந்த ஆளு பல்லு. இடது பக்கம் ரெண்டாவது பல்லு லேசா சாஞ்சிருக்கு பாரு. என் கை." உறையைக் கசக்கினாள். "கேளுடா. அது சளி இல்ல."

பிறகு சொன்னாள். தையல்காரம்மாவின் கண்டுபிடிப்பைச் சொன்னாள், அது எப்படி வேலை செய்தது என்று சொன்னாள், எப்போதிலிருந்து வேலை செய்யவில்லை என்றும் சொன்னாள். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். அடுப்படியில் அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் நடுவில் நின்று, மறுபடி கேட்டது.

"எவன்க்கா அது?"

"உனக்குத் தெரியாதா?"

தெரியும். பயிற்சி அரங்கில் கைதட்டிய அன்றே தெரியும். தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்ள நண்பர்கள் வட்டத்தில் ஒரு சொல் உண்டு, அதை எடுத்துவிட்டான்: "அவன் அப்படித்தான்க்கா. ஜாலியான ஆளு. மனசுல ஒண்ணும் கிடையாது."

"அவன் மனசுல என்ன இருந்தா எனக்கென்ன? கையப் பத்திப் பேசிட்டிருக்கேன்." அக்காவின் குரல் தாழ்ந்தது. "ரெண்டே விஷயம். இங்க வீட்டுல மூச்சு விடாத. அங்க அவன்கிட்ட பேசு. நீ எவனையும் பிடிக்க வேண்டாம், அடிக்க வேண்டாம், விசில் ஊத வேண்டாம். 'டேய், கைய எடு'ன்னு ஒரு வார்த்தை. உன் ஃப்ரெண்டுதானே? திங்கக்கிழமை எனக்கு உலைய ஒப்படைக்கப் போறாங்க. அதுவரைக்குமாவது எதுவும் கெட்டுப்போகாம இருக்கணும்டா."

"பேசறேன்க்கா. சத்தியமா."

பேசத்தான் போனான். டீக்கடையில் சைலன்சர் பைக் மேல் சாய்ந்து, கண்ணாடியில் பனியனின் எடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், ஒண்ணு சொல்லணும்," என்றான் தம்பி.

"சொல்லு மாப்ள."

"பஸ்ல... நீ கொஞ்சம்..."

"கொஞ்சம்?"

"கொஞ்சம் தள்ளி..."

சைலன்சர் அவனை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தான். பிறகு முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான். "என்னடா, ட்ரெய்னிங்ல குடுத்த பேப்பர மனப்பாடம் பண்ணிட்டியா? அண்ணே, இவனுக்கு ஒரு டீ போடுங்க. சாமியாராகிட்டான், சர்க்கரை கம்மியா போடுங்க!"

கடையே சிரித்தது. தம்பியும் சிரித்தான். டீயைக் குடித்தான். பேச்சு பனியன் துவைத்தால் சாயம் போகிறதா இல்லையா என்பதற்குப் போய்விட்டது.

*

திங்கட்கிழமை காலை வண்டியில் நல்ல கூட்டம். அக்கா சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கம்பியோரம் நின்றாள். தம்பி கதவுப் பக்கம். நடுவே சைலன்சர், அவனுக்குப் பின்னால் ஒரு பிளம்பர். கையில் கைகழுவும் தொட்டிக்கான வளைந்த குழாய், தோளில் சாமான் பை. அது யாரையும் இடித்துவிடக் கூடாதே என்று குழாயைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். அதாவது, அவருடைய இரண்டு கைகளும் எல்லோருக்கும் தெரியும்படி மேலே இருந்தன.

சைலன்சரின் கை கீழே இறங்கியதைத் தம்பி பார்த்தான். பயிற்சி அரங்கில் பார்த்த அதே கை, அதே வழி, கடைசியில் அதே வானிலை ஆராய்ச்சி. அக்கா இருமினாள். தையல்காரம்மா இருமினாள். பின்சீட்டில் இரண்டு பேர் இருமினார்கள். வட்டம் நகர ஆரம்பித்தது. அன்று பின்னால் சுவராக நிற்க வேண்டிய பனியன்கள் முன்பக்கம் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தன. பனியன் போட்ட பிறகு முதல் முறையாகச் சைலன்சர் தன் கால்கள் படிக்கட்டை நோக்கிப் போவதை உணர்ந்தான். பைகள் அவன் விலாவில் குத்தின.

அவனுக்குச் சட்டென்று ஒரு யோசனை தோன்றியது. விசிலை வாயில் வைத்து ஊதினான்.

"வண்டிய நிறுத்து! பொம்பளைப் புள்ளகிட்ட வம்பு பண்றியா?" என்று பிளம்பரின் சட்டையைப் பிடித்தான்.

வண்டி நின்றது. மற்ற பனியன்கள் ஓடிவந்து, யார் எவர் என்று கேட்காமல் ஆளுக்கு ஓர் அடி போட்டன. குழாய் கீழே விழுந்து உருண்டது. "நான் ஒண்ணும் பண்ணலப்பா, கையில குழாய் வெச்சிருந்தேன்ப்பா" என்றார் பிளம்பர். அவரை வாங்கிய அடியைவிட அந்தக் குழாய்தான் அதிகம் கவலைப்பட வைத்தது போலிருந்தது. அதைத் தேடித் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு இல்லப்பா, விடுங்க," என்றாள் தையல்காரம்மா.

சைலன்சர் அவள் பக்கம் திரும்பினான். "உங்ககிட்டயும் வம்பு பண்ணானா, சிஸ்டர்? பயப்படாதீங்க. வீடு எங்க இருக்கு? வாங்க, உங்களையும் பத்திரமா கொண்டுபோய் வீட்டுல விட்டுடறோம்."

தையல்காரம்மா வாயை மூடிக்கொண்டாள். வண்டியில் இருந்த அத்தனை பெண்களும் வாயை மூடிக்கொண்டார்கள். ஓர் இருமல்கூடக் கேட்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் ஆகல. வண்டிய எடுங்க. நான் வேலைக்குப் போகணும்," என்றாள் அக்கா.

"அதிர்ச்சியில பேசறாங்க," என்றது ஒரு பனியன். பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

சைலன்சர் தம்பியைப் பார்த்தான். "மாப்ள, உன் அக்காதானே? நீயே சொல்லு. நீ பார்த்தல்ல?"

வண்டி முழுக்க அவனைப் பார்த்தது. பிளம்பர் பார்த்தார், தையல்காரம்மா பார்த்தாள், சில்லறை எண்ணாமல் கண்டக்டர்கூடப் பார்த்தார். அக்கா பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தாள். இப்போது அதைச் சொல்வதற்குத் தோதான இடம், தோதான நேரம், கேட்க ஆளும் இருந்தது.

"பார்த்தேன்," என்றான் தம்பி.

பொய்யில்லை. பார்த்துத்தான் இருந்தான்.

*

ஒப்படைப்பு விமரிசையாக நடந்தது. திட்டத்தின் முதல் வெற்றி என்பதால் இணை இயக்குநரே புகைப்படக்காரரோடு வேனில் வந்து சேர்ந்தார். பட்டறையில் அக்காவுக்காக உலை சூடேறிக்கொண்டிருந்த நேரத்தில், அக்காவை நடுவில் வைத்து, ஆரஞ்சுப் பனியன்கள் சூழ, தெரு பார்க்க வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அப்பா கையில்லாத பனியனோடு கதவைத் திறந்தார்.

"ஐயா, உங்கள் மகளை எந்தச் சேதமும் இல்லாமல் உங்களிடம் ஒப்படைக்கிறோம்," என்று இணை இயக்குநர் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். கண்ணாடிச் சாமான் கொண்டுவந்து இறக்குகிறவர்களும் இப்படித்தான் சொல்வார்கள்.

"என்ன ஆச்சு?" என்றார் அப்பா.

என்ன ஆச்சு என்பதைச் சைலன்சர் விளக்கினான். கையால் நடித்தும் காட்டினான். அப்பா அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, "ரொம்ப நன்றிப்பா" என்றார். அக்கா அந்தக் குலுக்கலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

படம் எடுத்தார்கள். அக்கா சாப்பாட்டுப் பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். "சரியாகச் செய்தாய் அம்மா, பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளியே தெரியவே கூடாது, அது விதி" என்று பாராட்டினார் இணை இயக்குநர். மறுநாள் வெளிவந்த படத்தில் அக்காவின் முகம் தெரியவில்லை. அப்பாவின் முகம், தம்பியின் முகம், கதவு, கதவில் வீட்டு எண், எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. எல்லாவற்றுக்கும் நடுவில், அக்கா நட்ட பல்வரிசையைக் காட்டி இணை இயக்குநர் சிரித்துக்கொண்டிருந்தார்.

வேன் போனதும் அப்பா கதவைச் சாத்தினார். சத்தம் போடவில்லை. அவர் வால்வு மூடும்போது சத்தம் போட்டதே இல்லை.

"நாளையிலேருந்து வேண்டாம்மா."

"அப்பா, இன்னிக்கு உலைய என் பொறுப்புல விடறாங்க. இப்பப் போனாக்கூட..."

"என்ன பேச்சு பேசிருந்தோம்?"

"நடந்தது ஒண்ணுமே இல்லப்பா. நானே பார்த்துக்கிட்டேன். இத்தனை நாளும் நானேதான் பார்த்துக்கிட்டேன்."

"இத்தனை நாளுமா?" என்றார் அப்பா.

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அடுப்படியிலிருந்து ஓர் இருமல் கேட்டது. நிதானமான இருமல். அம்மா கதவோரம் வந்து நின்று அப்பாவைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை இருமினாள். அம்மா கல்யாணத்துக்கு முன்னால் எங்கோ வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள் என்று தம்பி எப்போதோ கேள்விப்பட்டிருந்தான். எந்த வண்டியில் போனாள், ஏன் நின்றாள் என்று அவன் கேட்டதே இல்லை. அக்கா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவளும் இருமினாள். இரண்டு பேரும் ஓரடி நகர்ந்தார்கள். ஆனால் அது பேருந்து இல்லை. இரண்டு பேர் போதவில்லை. படிக்கட்டும் இல்லை.

"வீட்டுக்கே சளி பிடிச்சிடுச்சா?" என்றார் அப்பா. "வெந்நீர் வெச்சுக் குடிங்க."

அப்போதுதான் தம்பிக்கு அந்த வார்த்தை வந்தது. "அப்பா... அந்த பிளம்பர் இல்லப்பா. அவரு ஒண்ணும் பண்ணல. பண்ணது வேற ஒருத்தன்."

"யாரு?"

"எங்க... எங்க டீம்ல. சைலன்சர். ரொம்ப நாளாவே."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளங்கையைத் துடைப்பது போல வேட்டியில் தேய்த்துக்கொண்டார். தம்பிக்கு நம்பிக்கை வந்தது. உண்மையைச் சொல்லியாகிவிட்டது, இனி எல்லாம் சரியாகும் என்று நினைத்தான்.

"அப்ப, காவலுக்கு வர்றவனே அப்படித்தான்," என்றார் அப்பா, நிதானமாக. "நீ பக்கத்துலயே இருந்தும் அப்படித்தான். சரியாப் போச்சு. இனிமே எந்தக் காரணத்தைக் கொண்டும் வாசப்படி தாண்ட வேண்டாம்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை. "இத அங்க சொல்லியிருக்கலாம்லடா," என்றாள். பையைத் திறந்து, சாப்பாட்டை எடுத்து, உட்கார்ந்து தனியாகச் சாப்பிட ஆரம்பித்தாள். மதியம்கூட ஆகியிருக்கவில்லை.

*

பட்டறை முதலாளி இரண்டு தடவை ஃபோன் செய்தார். அப்பா எடுத்தார். மூன்றாவது தடவை முதலாளி செய்யவில்லை. அச்சுகளைக் கழுவிக்கொண்டிருந்த ஓர் ஆளை உலைக்குப் போட்டுவிட்டார் என்று தெரியவந்தது. பிளம்பரைக் காவல் நிலையத்தில் மாலை வரை உட்கார வைத்து, புகார் கொடுக்க யாரும் வரவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். குழாய் கிடைக்கவில்லை.

திட்டம் அமோக வெற்றி. எட்டாம் எண் பேருந்தில் புகார்களே இல்லை என்று இணை இயக்குநர் விழா எடுத்தார். இல்லாமல் என்ன? படத்தைப் பார்த்த வீடுகளில் வரிசையாக வால்வுகள் மூடப்பட்டன. சிலர் நடந்து போனார்கள். சிலர் போகவே இல்லை. சைலன்சர் மாவட்ட ஒருங்கிணைப்பாளன் ஆனான். தம்பி விழாவுக்குப் போகவில்லை. பனியனை மடித்து அலமாரிக்கு மேலே போட்டான். அம்மா அதை எடுத்து அடுப்படியில் பாத்திரம் இறக்க வைத்துக்கொண்டாள்.

அக்கா ஒரு நாள் துணிப்பை ஒன்றை அவன் முன் வைத்தாள். உள்ளே பட்டறையின் வெள்ளை மேலங்கி, துவைத்து மடித்தது. மெழுகுக் கத்தி, பல் நிறம் பார்க்கும் அட்டை.

"பட்டறைச் சாமான். குடுத்துட்டு வா," என்றாள். அன்றைக்குப் பிறகு அவனோடு அவள் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

எட்டில் ஏறினான். பனியன் இல்லை, விசில் இல்லை, சாதாரண சட்டை. வண்டியில் பெண்கள் குறைவாகத்தான் இருந்தார்கள். தையல்காரம்மா இருந்தாள். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தான். கூட்டத்தில் நுழைந்து அவள் பக்கமாக நகர்ந்தான். வாயைத் திறந்தான்.

தையல்காரம்மா இருமினாள்.

முதலில் அவனுக்குத் தன் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்றுதான் தோன்றியது. திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. முன்சீட்டில் ஒருத்தி இருமினாள், ஜன்னலோரம் ஒருத்தி. பைகள் வந்தன. யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் எதிர்க்கவில்லை, துணிப்பையை மட்டும் நசுங்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் காற்று முகத்தில் அடித்தது. படிக்கட்டில் இருந்தான்.

அங்கே ஏற்கெனவே ஒரு புதுப் பையன் தொங்கிக்கொண்டிருந்தான். முழங்கால் வரை ஆரஞ்சுப் பனியன், கழுத்தில் விசில், கையில் மிட்டாய்ப் பெட்டி.

"என்னண்ணே, இந்த பஸ்ல எல்லாருக்கும் இப்படிச் சளி பிடிச்சிருக்கு?" என்றான் அக்கறையாக.

"சளி இல்ல," என்றான் தம்பி.

"அப்புறம்?"

"நம்மளப் பார்த்துத்தான்."

பையன் அவனைப் பார்த்தான். பிறகு நல்ல ஜோக் ஒன்றைக் கேட்டது போல ஓவென்று சிரித்தான். "செம ஆளுண்ணே நீங்க," என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினான்.

தம்பி வாங்கிக்கொண்டான். உறையில் இணை இயக்குநர் சிரித்தார். இடது பக்கம் இரண்டாவது பல் லேசாகச் சாய்ந்திருந்தது.